டாஃப்னியா செத்துப்போன பிறகு: அமில ஏரியின் நீரை அதன் சொந்த நுண்ணுயிர்களைக் கொண்டு சோதிக்கும் வழி

சுரங்கப் பள்ளத்தில் தேங்கிய ஏரியொன்றின் நீரை முதன்முதலில் சோதித்தபோது, ஆய்வுக்கூடத்தில் எப்போதும் வளர்த்து வைத்திருக்கும் டாஃப்னியாவை, அதாவது நீர்த்தெள்ளை, அதில் விட்டேன். இருபதும் சற்று நேரத்தில் குடுவையின் அடியில் கிடந்தன. "கடும் நச்சு" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் நின்ற மூத்த ஆய்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வினிகரில் விட்டிருந்தாலும் இதே விடைதானே வந்திருக்கும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீரில் தாமிரம் இருக்கிறதா, துத்தநாகம் இருக்கிறதா, ஓராண்டாக நடக்கும் சீரமைப்பு வேலையால் ஏதாவது மாறியிருக்கிறதா என்று எதையுமே அந்த இருபது பிணங்கள் சொல்லவில்லை. நீர் புளிக்கும் என்று மட்டும் சொல்லின. அதைத் தெரிந்துகொள்ள பி.எச். மானி போதும்.

இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் என் தவறிலிருந்தே தொடங்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வழக்கமான சோதனைகள் ஏன் இங்கே செல்லாது

உலகெங்கும் புழங்கும் நச்சுச் சோதனைகள் சிலவே. டாஃப்னியாவின் அசைவு நிற்கிறதா என்று 48 மணி நேரம் பார்ப்பது ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வகுத்த 202-ஆம் எண் நெறி. பசும்பாசியின் பெருக்கத்தை 72 மணி நேரம் பார்ப்பது ஓ.இ.சி.டி. 201. அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற ஒளிரும் பாக்டீரியாவின் ஒளி மங்குகிறதா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடுவது ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் 11348. இவை எல்லாம் நல்ல சோதனைகள்தான். ஆனால் இவற்றில் பயன்படும் உயிர்கள் ஏறத்தாழ நடுநிலையான நீரில் வாழ்பவை. பி.எச். 3 உள்ள நீரில் அவை நச்சை உணர்வதற்கு முன்பே அமிலத்தால் செத்துவிடும்.

"அப்படியானால் நீரில் கொஞ்சம் காரம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டுச் சோதிக்கலாமே" என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றுவதுதான். செய்து பாருங்கள்: தெளிவாக இருந்த நீர் சில நிமிடங்களில் துருநிறமாகக் கலங்கும். பி.எச். 3.5-ஐத் தாண்டியதும் ஃபெரிக் இரும்பு படியத் தொடங்கும். 5-ஐ நெருங்கும்போது அலுமினியம் வெண்ணிறமாகத் திரளும். அந்தப் படிவு தனியாகவும் போகாது. தாமிரம், ஈயம், ஆர்செனிக் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கும். மேலே மிஞ்சுவது ஏரி நீர் அல்ல, நீங்கள் தயாரித்த வேறொரு நீர். நோயாளியைக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு, காய்ச்சலை இறக்கிவிட்டு மருத்துவரிடம் காட்டுவதைப் போன்றது இது.

ஆகவே நீரைச் சோதனை உயிருக்கு ஏற்ப மாற்றாமல், அந்த நீருக்கு ஏற்ற உயிரைத் தேட வேண்டும். அந்த உயிர் தொலைவில் இல்லை. அந்த ஏரியிலேயே இருக்கிறது.

இந்த நீரில் யார் வாழ்கிறார்கள்

பெரும்பாலான அமில ஏரிகளின் கதை பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்தில் தொடங்குகிறது. நிலத்துக்குள் புதைந்திருக்கும்வரை அது சாது. சுரங்கம் தோண்டிக் காற்றும் நீரும் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலத்தையும் கரைந்த இரும்பையும் விடுவிக்கிறது. அமில நீரில் இந்த இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைவது தானாக நடந்தால் மிக மெதுவான வேலை. அசிடிதயோபாசிலஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வேகப்படுத்த வல்லவை என்று 1970-இல் சிங்கரும் ஸ்டம்மும் காட்டினார்கள். இது வெறும் வரலாற்றுக் குறிப்பு அல்ல. நீங்கள் எடுத்துவரும் போத்தலுக்குள்ளும் அந்த வேலை தொடரும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஜெர்மனியின் லுசாட்டியாவில் பழுப்பு நிலக்கரி எடுத்த பள்ளங்களில் உருவான ஏரிகள், ஸ்பெயினின் ரியோ டிண்டோ ஆறு, அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் பட் நகரத்தில் 1982-இல் நீரிறைக்கும் பம்புகள் நிறுத்தப்பட்ட பின் நிரம்பத் தொடங்கிய பெர்க்லி பள்ளம் ஆகியவை இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். சுரங்கமே இல்லாமல், எரிமலை வாயுக்களால் அமிலமான ஏரிகளும் உண்டு. அர்ஜென்டினாவின் கவியாவே ஏரி அப்படிப்பட்டது.

இவற்றில் மீன் இல்லை, டாஃப்னியா இல்லை. அதற்காக உயிரற்ற நீர் என்று சொல்லிவிட வேண்டாம். நீரில் மிதப்பவற்றில் முக்கியமானது கிளாமிடோமோனாஸ் அசிடோஃபிலா. இரண்டு கசையிழைகளால் நீந்தும் சிறிய பச்சை உயிரணு. கரையோரச் சேற்றின் மேல் பளிச்சென்ற பச்சைப் படலமாகப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் யூக்ளினா மியூட்டாபிலிஸ். நீந்தாது, புழுவைப் போல உடலை நெளித்து ஊர்ந்து செல்லும். சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகளான டயட்டம்களில் யூனோஷியா எக்சிகுவா, இழைப்பாசிகளில் கிளெப்சோர்மிடியம் ஆகியவற்றைப் பல இடங்களில் காணலாம். இவற்றை மேயும் ஆக்ரோமோனாஸ் போன்ற கசையிழை உயிரிகள், ஆக்சிட்ரிகா போன்ற குற்றிழை உயிரிகள், செஃபலோடெல்லா ஹூடி போன்ற சக்கர உயிரிகள் ஆகியோரும் உண்டு. பட்டியல் இவ்வளவு குட்டையாக இருப்பது நமக்கு வசதி. நல்ல ஏரியில் நூற்றுக்கணக்கான இனங்களுக்கு நடுவே தடுமாறுவோம். இங்கே ஒரு வார நுண்ணோக்கிப் பழக்கத்தில் முக்கால்வாசிப் பேரை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? தொடக்கக்காரருக்கு என் பரிந்துரை கிளாமிடோமோனாஸ். யூக்ளினா பார்ப்பதற்கு அழகு, ஆனால் குடுவைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கொத்துக் கொத்தாகத் திரளும். எண்ணுவதற்குள் பொறுமை போய்விடும். சக்கர உயிரிகளுக்குத் தீவனமாகவும் பாசியைத் தனியே வளர்க்க வேண்டும் என்பதால் அவற்றை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

நீரும் உயிரும் எடுப்பது

முதலில் கரை. சுரங்கப் பள்ள ஏரிகளின் கரைகள் குவித்த மண்ணால் ஆனவை, நடக்கும்போதே சரியும். அனுமதி பெறாமல் போகாதீர்கள், தனியாகப் போகாதீர்கள், மிதவைச் சட்டை இல்லாமல் விளிம்பை நெருங்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

போத்தல்கள் பாலிஎத்திலீனால் ஆனவையாக, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசியவையாக இருக்கட்டும். ஏரி நீரிலேயே மூன்று முறை அலம்பிவிட்டு, மேலே காற்று இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துதிறன் மூன்றையும் அங்கேயே அளந்துவிட வேண்டும். பி.எச். மானியை 4 மற்றும் 7 கரைசல்களில் மட்டும் சரிபார்த்துவிட்டுப் பி.எச். 2.7-ஐ அளப்பவர்கள் நிறைய. அளக்கப்போகும் எண் இரு கரைசல்களுக்கும் நடுவே விழ வேண்டும், ஆகவே 1.68 மற்றும் 4.01 கரைசல்கள் தேவை. பி.எச். 3.0-க்கும் 2.6-க்கும் இடையே பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அமிலம் இரண்டரை மடங்கு. சோதனைத்தாளை நம்பிப் போனால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று வகை மாதிரிகள் எடுக்க வேண்டும். சோதனைக்கு ஒரு லிட்டர் நீர். உலோக அளவீட்டுக்கு 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்த ஒரு சிறு போத்தல். உயிர்களுக்கென்று தனியாக, பாதி மட்டும் நிரப்பிய போத்தலில் மேற்பரப்பு நீரும், துளிப்பானால் உறிஞ்சிய பச்சைப் படலமும். உயிர் போத்தலை இறுக மூடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள்.

சோதனை நீரை இருட்டில், 4 டிகிரி செல்சியஸில் வைத்து எடுத்துவந்து, வந்த அன்றே 0.45 மைக்ரோமீட்டரில் வடிகட்டுங்கள். மேலே சொன்ன இரும்பு பாக்டீரியாக்களை இது பெரும்பாலும் நீக்கிவிடும். இல்லாவிட்டால் போத்தலுக்குள் இரும்பின் வடிவம் மாறிக்கொண்டே போகும். ஏரியின் சொந்தப் பாசிகளும் நீங்குவதால், பின்னர் நீங்கள் எண்ணுவது நீங்கள் விட்ட பாசியை மட்டுமே. வடிகட்டிய பின் எவ்வளவு விரைவில் சோதனையைத் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. இரண்டு நாளுக்கு மேல் வைத்திருந்த நீரை நான் சோதிப்பதில்லை.

வளர்ப்பு: பொறுமை கேட்கும் பகுதி

ஏரி நீரில் ஒரு சொட்டை எடுத்து, அமில வளர்ப்பு ஊடகத்தில் விட்டு, மிதமான வெளிச்சத்தில் வையுங்கள். அமிலப் பாசிகளுக்கென்று வகுக்கப்பட்ட ஊடகக் குறிப்புகள் பல உள்ளன. அவற்றின் பொதுத்தன்மை இது: நைட்ரஜன் அம்மோனியமாகத் தரப்படும், கொஞ்சம் பாஸ்பேட், கால்சியம், மெக்னீசியம், நுண்சத்துகள், பி.எச். 3-க்குக் கொண்டுவரக் கந்தக அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம். சுரங்க ஏரியில் இருப்பது சல்ஃபேட், குளோரைடு அல்ல. அமிலத்தை நீரில் விட வேண்டும், நீரை அமிலத்தில் விடக் கூடாது என்பதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை தெரியும். அதில் பலர் கலந்திருப்பார்கள். ஒரே இனத்தைப் பிரிக்க இரண்டு வழிகள். முதல் வழி, நுனியைச் சூடாக்கி இழுத்து மெலிதாக்கிய கண்ணாடிக் குழாயால் நுண்ணோக்கியின் கீழ் ஒற்றை உயிரணுவை உறிஞ்சி, சுத்தமான ஊடகத் துளிகளில் நாலைந்து முறை கழுவி, தனிக் குழியில் விடுவது. முதல் நாளில் பத்துக்கு ஒன்றுதான் தேறும். கை பழகியபின் பாதிக்கு மேல் தேறும். இரண்டாவது வழி, அகார் என்ற கூழ் உறைந்த தட்டில் பாசியைக் கோடாக இழுத்துப் பரப்புவது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: அகாரை அமில ஊடகத்தோடு சேர்த்து அழுத்தக் கொதிகலனில் வைத்தால் அது சிதைந்து, பிறகு உறையவே உறையாது. அகாரை நீரில் தனியாகவும் ஊடகத்தை இரட்டைச் செறிவில் தனியாகவும் கிருமிநீக்கம் செய்து, சற்று ஆறியபின் கலந்து தட்டில் ஊற்ற வேண்டும். இது தெரியாமல் நான் வீணாக்கிய தட்டுகளை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும்.

கரிம வாயுவைப் பற்றியும் ஒரு சொல். பி.எச். 3-இல் பைகார்பனேட் கிடையாது. கரைந்த கார்பன் டை ஆக்சைடு மட்டுமே, அதுவும் காற்றிலிருந்து வரும் சொற்பம். மூடியை இறுகத் திருகினால் பாசி பட்டினி கிடக்கும். பஞ்சடைப்பு அல்லது தளர்வான மூடி போதும். நாளுக்கு இரண்டு முறை மெதுவாகக் குலுக்குங்கள்.

தூய வளர்ப்பு கிடைத்ததும் அதை இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றுவது நல்லது. சோதனைக்கு எடுப்பது எப்போதும் விறுவிறுவென்று பெருகிக்கொண்டிருக்கும் இளம் வளர்ப்பாக இருக்க வேண்டும். முதிர்ந்து மஞ்சளித்த குடுவையிலிருந்து எடுத்தால் முதல் இரண்டு நாளும் அது தூங்கி வழியும், முடிவு பாழ்.

சோதனையை அமைப்பது

100 மில்லிலிட்டர் கூம்புக் குடுவைகளில் தலா 40 மில்லிலிட்டர். ஏரி நீர் 100%, 50%, 25%, 12.5%, 6.25% என்று பாதிபாதியாகக் குறைந்துகொண்டே போகும் வரிசை. ஒவ்வொன்றிலும் மூன்று குடுவைகள். ஏரி நீரே இல்லாத ஒப்பீட்டுக் குடுவைகள் ஆறு. எல்லாவற்றிலும் ஒரே அளவு ஊட்டச்சத்து.

எதைக் கொண்டு நீர்க்கச் செய்கிறீர்கள் என்பதில்தான் இந்தச் சோதனையின் உயிர் இருக்கிறது. குழாய் நீராலோ நடுநிலை ஊடகத்தாலோ நீர்க்கச் செய்தால், ஒவ்வொரு குடுவையிலும் உலோகத்தோடு பி.எச்.-உம் மாறிவிடும். சிலவற்றில் இரும்பு படியும், சிலவற்றில் படியாது. பிறகு வரும் வளைகோட்டைப் பார்த்து எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நீர்க்கச் செய்யும் ஊடகத்தைக் கந்தக அமிலத்தால் ஏரி நீரின் அதே பி.எச்.-க்குக் கொண்டுவாருங்கள். பி.எச். 2.8 ஏரி என்றால் ஒப்பீட்டுக் குடுவையும் பி.எச். 2.8. இப்போது குடுவைகளுக்கு இடையே மாறுவது ஏரியின் மற்ற சரக்கு மட்டுமே. மூத்த ஆய்வாளர் கேட்ட வினிகர் கேள்விக்கு இதுதான் பதில்.

சோதனை ஊடகத்தில் இ.டி.டி.ஏ. போன்ற உலோகப் பிடிப்பான்களைச் சேர்க்காதீர்கள். வளர்ப்பு ஊடகங்களில் அது வழக்கமாக இருக்கும். பாசிக்கு நல்லது, சோதனைக்குக் கெட்டது, ஏனென்றால் நீங்கள் அளக்க வந்த உலோகத்தையே அது பிடித்து வைத்துக்கொள்ளும். வளர்ப்பிலிருந்து எடுக்கும் பாசியையும் முதலில் இ.டி.டி.ஏ. இல்லாத ஊடகத்தில் கழுவிவிடுங்கள்.

இன்னொரு வரிசையில், தாமிர சல்ஃபேட் சேர்த்த குடுவைகளை வையுங்கள். இது ஏரிக்காக அல்ல, உங்கள் பாசிக்காக. ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ ஒரே தாமிர அளவில் அது பாதியாக முடங்கினால், உங்கள் சோதனைக்காரர் சுயநினைவோடு இருக்கிறார் என்று பொருள். திடீரென இரண்டு மடங்கு தாங்கினாலோ பாதியிலேயே சுருண்டாலோ, ஏரியைக் குறைசொல்வதற்கு முன் வளர்ப்பைச் சந்தேகியுங்கள்.

வெள்ளை விளக்கொளி, நேரடி வெயில் இல்லாமல். வெப்பம் 20 முதல் 24 டிகிரி, அல்லது ஏரியின் அன்றைய வெப்பத்தை ஒட்டி. விளக்குக்கு நேர்கீழே உள்ள குடுவைக்கும் ஓரத்தில் உள்ளதற்கும் வெளிச்சம் ஒன்றாக இருக்காது; தினமும் இடம் மாற்றி வையுங்கள்.

எண்ணுவதும் கணக்கும்

தொடங்கும்போது ஒரு மில்லிலிட்டருக்கு 10,000 உயிரணுக்கள் என்பது வழக்கமான அளவு. நியூபாவர் எண்ணும் அறையில் (சதுரங்கள் பொறித்த கண்ணாடித் தகடு) ஒரு பெரிய சதுரத்தில் விழும் எண்ணிக்கையை 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டருக்கான எண் கிடைக்கும். அப்படியானால் தொடக்கத்தில் சதுரத்துக்கு ஒரே ஒரு உயிரணுதான் தெரியும். அதை வைத்து என்ன சொல்ல? ஆகவே தொடக்க நாள்களுக்கு ஒரு மில்லிலிட்டர் கொள்ளும் செட்ஜ்விக்-ராஃப்டர் அறை பயன்படுத்துங்கள், நியூபாவரைப் பிறகு எடுங்கள். 100 உயிரணுக்களை எண்ணினால் பிழை இருபுறமும் ஏறத்தாழ 20%. 400 எண்ணினால் 10%. கை வலித்தாலும் 400 எண்ணுங்கள். நீந்திக்கொண்டே இருப்பவற்றை எண்ண முடியாது. மாதிரியில் ஒரு சொட்டு லூகோல் அயோடின் விட்டால் நின்றுவிடும். ஆனால் எல்லாம் செத்துவிடுவதால், உயிரோடு அசைபவை எத்தனை என்பதை அதற்கு முன்பே பார்த்துக் குறித்துவிடுங்கள்.

கணக்கு எளிது. கடைசி எண்ணிக்கையின் இயற்கை மடக்கையிலிருந்து முதல் எண்ணிக்கையின் மடக்கையைக் கழித்து, நாள்களால் வகுத்தால் பெருக்க வேகம். ஒப்பீட்டுக் குடுவையில் 10,000 என்பது மூன்று நாளில் 1,60,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம். 16 மடங்கு, வேகம் நாளுக்கு 0.92. ஏரி நீரில் அது 40,000 மட்டுமே. நான்கு மடங்கு, வேகம் 0.46. ஆகவே தடை 50%. இதையே சேர்ந்த உயிரணுக்களின் எண்ணிக்கையில் பார்த்தால் 1,50,000-க்குப் பதில் 30,000, தடை 80%. ஒரே சோதனை, இரண்டு எண்கள், இரண்டும் சரி. அறிக்கையில் எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதாமல் விட்டால், வேண்டியவர் வேண்டிய எண்ணை எடுத்துக்கொள்வார். வேகத்தைச் சொல்வதே வழக்கம். நானும் அதையே சொல்வேன்.

ஓ.இ.சி.டி. 201-இன் விதிப்படி ஒப்பீட்டுக் குடுவை 72 மணி நேரத்தில் குறைந்தது 16 மடங்கு பெருக வேண்டும். அமில விரும்பிகளில் பல அவ்வளவு வேகமாகப் பெருகுவதில்லை. அவசரப்படாமல் ஐந்து அல்லது ஏழு நாள் விடுங்கள். தினமும் எண்ணி, மடக்கைத் தாளில் கோடு நேராகப் போகும்வரை உள்ள நாள்களை மட்டும் கணக்கில் எடுங்கள். சோதனை முடிவில் பி.எச்.-ஐ மறுபடி அளப்பதை மறக்காதீர்கள். அம்மோனியத்தை உண்ணும் பாசி நீரை மேலும் அமிலமாக்கும்.

சில நேரம் ஏரி நீரில் பாசி ஒப்பீட்டுக் குடுவையைவிட நன்றாக வளரும். தப்பு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம், அழித்து எழுதவும் வேண்டாம். கழித்தல் குறியோடு அப்படியே எழுதுங்கள்.

அமிலமா, உலோகமா, பசியா

தடை தெரிந்தது. காரணம்? இங்கேதான் நான்கு குடுவைகள் கொண்ட ஒரு சிறு சோதனை கைகொடுக்கும். ஒன்றில் பாசிக்குப் பிடித்த பி.எச். உள்ள ஊடகம். இரண்டாவதில் அதே ஊடகம், ஏரியின் பி.எச்.-இல். மூன்றாவதில் ஏரி நீர். நான்காவதில் ஏரி நீரைச் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 8-க்கு உயர்த்தி, படிந்ததை வடிகட்டி எறிந்துவிட்டு, கந்தக அமிலத்தால் மீண்டும் பழைய பி.எச்.-க்கு இறக்கிய நீர்.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளி அமிலத்தின் பங்கு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ளது ஏரியில் கரைந்துள்ள மற்றவற்றின் பங்கு. நான்காவதில் பாசி தலைதூக்கினால் குற்றவாளி படிந்துபோன உலோகங்களில் ஒன்று: இரும்பு, அலுமினியம், தாமிரம். தலைதூக்காவிட்டால் பி.எச். 8-இல் எளிதில் படியாத மாங்கனீஸ் போன்றவை, அல்லது சல்ஃபேட் உப்புகளின் சுமை. அந்த உப்பில் நீங்களே சேர்த்த சோடியமும் உண்டு என்பதால், ஒப்பீட்டுக்கு அதே அளவு சோடியம் சல்ஃபேட் கலந்த ஊடகக் குடுவை ஒன்றும் தேவை. நான்கு என்று சொன்னேன், ஐந்தாகிவிட்டது. இந்த வேலை அப்படித்தான் பெருகும்.

பசியை மறந்துவிடுகிறோம். இரும்பு மிகுந்த அமில நீரில் பாஸ்பேட் இரும்போடு பிணைந்து பாசிக்குக் கிடைக்காமல் போகும். நீங்கள் சேர்த்த ஊட்டச்சத்துக்கும் அதே கதி நேரலாம். ஆகவே கூடுதல் பாஸ்பேட் சேர்த்த ஒரு குடுவையை வைத்துப் பாருங்கள். அதில் வளர்ச்சி மீண்டால், நீங்கள் நச்சு என்று எழுதவிருந்தது உண்மையில் பட்டினி.

மண்ணின் மைந்தர்களை எவ்வளவு நம்பலாம்

இந்தச் சோதனையின் பலமே அதன் பலவீனம். தலைமுறை தலைமுறையாக அந்த உலோகங்களோடு வாழ்ந்து பழகிய பாசி, அவற்றைப் பொருட்படுத்தாது. மாசு ஒரு சமூகத்தில் தாங்குவோரை மட்டும் மிச்சம் வைத்து, அதன் மொத்தத் தாங்கும் திறனை உயர்த்திவிடுகிறது. இதையே மாசுக்கான சான்றாகப் பயன்படுத்தலாம் என்ற கருத்தை 1988-இல் பிளாங்க் குழுவினர் முன்வைத்தார்கள். ஆகவே உள்ளூர்ப் பாசி ஏரி நீரில் செழித்து வளர்ந்தால், அந்த நீர் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு என்று பொருளே இல்லை. 1995-இல் பெர்க்லி பள்ளத்தில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்தன. யூக்ளினா மியூட்டாபிலிஸ் அதே நீரில் பச்சையாக வளர்ந்துகொண்டிருந்தது.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. கோட்டிங்கன், டெக்சாஸ் போன்ற இடங்களில் உள்ள பாசிச் சேமிப்பகங்களிலிருந்து அதே இனத்தின் வேறொரு குலத்தை, உலோக மாசு இல்லாத அமில நீரிலிருந்து வந்ததாகக் கிடைத்தால் நல்லது, வரவழைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். வெளியூர்க்காரர் துவண்டு உள்ளூர்க்காரர் நிமிர்ந்து நின்றால், அந்த இடைவெளியே ஏரியின் உலோகச் சுமையைப் பற்றிப் பேசும்.

ஏரியிலிருந்து வெளியேறும் நீர் நடுநிலை ஆறு ஒன்றில் கலக்கிறது என்றால், கலந்தபின் உள்ள நீரைப் பழைய டாஃப்னியாவைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும். அங்கே அதுவே ஊர்க்காரர். பி.எச். 5-ஐ ஒட்டிய கலப்பிடத்தில் அலுமினியம் மீன் செவுள்களில் படிந்து மூச்சை அடைப்பது எல்லோரும் அறிந்தது, பி.எச். 3-இல் வாழும் பாசிக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. கனடாவின் ஒன்டாரியோவில் 223-ஆம் எண் ஏரியை 1976 முதல் வேண்டுமென்றே சிறிது சிறிதாக அமிலமாக்கி, ஷிண்ட்லர் குழுவினர் பி.எச். 6.8-இலிருந்து 5-க்குக் கொண்டுவந்தபோது, பி.எச். 6-ஐ ஒட்டியே மைசிஸ் என்ற சிறு இறால் வகை காணாமல் போனது; பெரிய மீன்கள் அதன் பிறகும் நீந்திக்கொண்டிருந்தன. எந்த உயிரைக் கேட்கிறோமோ அதற்கேற்ற பதில்தான் வரும் என்பதால், அறிக்கையின் முதல் வரியிலேயே யாரைக் கேட்டீர்கள் என்று எழுதிவிடுங்கள்: இனத்தின் பெயர், எந்த ஏரியில் எந்த மாதம் பிரித்தது, எத்தனை மாதமாக ஆய்வுக்கூடத்தில் வளர்கிறது. உலோகமே இல்லாத ஊடகத்தில் நெடுநாள் வளர்ந்த குலம் தன் பழைய தாங்கும் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடக்கூடும்.

குடுவைகளைக் கழுவும் முன்

வளர்ப்பை அழிக்கப் பிளீச்சிங் கரைசலை ஊற்றுவது நுண்ணுயிர் ஆய்வுக்கூடங்களில் கைப்பழக்கம். இங்கே அதைச் செய்யாதீர்கள். அமில நீரில் பிளீச்சிங் கரைசல் பட்டால் குளோரின் வாயு வெளியேறும். சிறிய அறையில் அது விளையாட்டல்ல. குடுவைகளை அழுத்தக் கொதிகலனில் வைத்தோ கொதிக்கவைத்தோ உயிர்களை அழியுங்கள். பிறகு சுண்ணாம்பால் நடுநிலையாக்கி, படியும் உலோகச் சேற்றை ஒரு நாள் விட்டுத் தெளியவைத்து, அபாயக் கழிவுக்கான கலத்தில் சேருங்கள். தாமிர சல்ஃபேட் குடுவைகளும் அங்கேதான் போக வேண்டும், கழுவுதொட்டிக்கு அல்ல. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் துருக்கறை சோப்புக்கு அசையாது. நீர்த்த அமிலத்தில் ஓர் இரவு ஊறினால் போய்விடும். அடுத்த மாத மாதிரி வருவதற்குள் குடுவைகள் காய்ந்திருக்க வேண்டும்.